விரலுக்கு மட்டும் தெரிந்த எண்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வாலுவும் சௌக்கியம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இல்லாவிட்டாலும் நன்றாக இருப்பதாகத்தான் பதில் போடுவாய், அதுவும் எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் போன வருஷம் ஆபரேஷன் செய்த கண் இப்போது ரொம்பத் தெளிவு, எவ்வளவு தெளிவு என்றால் நான் இப்போதுதான் பெருக்கிய இடத்தில் தூசி இருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டும் அளவுக்கு. சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, யாரும் சரிசெய்யவில்லை, நம்மைப் பார்த்து அதற்கே சலித்துவிட்டது போல. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல வாலு கணினியில் அடிக்கிறாள். ஆசையாக உட்காரவில்லை, அவளுக்குக் கிடைத்த தண்டனைகளில் இது இரண்டாவது, எதற்கென்று வரிசையாகச் சொல்கிறேன். (அக்கா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். கைதிக்கும் பேச்சுரிமை உண்டு.)

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ போனில் கோபப்பட்டாயே, நாலு வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்றம்மா, நீ வந்து சேர்றதுக்குள்ள எனக்கே நரைச்சிடும் என்று, அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன், ஆனால் மறுநாளே மேலாளரிடம் போய் மறுபடியும் மூன்று வாரம் விடுப்பு கேட்டேன். உனக்குத்தான் தெரியுமே, எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர் வராவிட்டால் இன்னொருவர் ஊசியை எடுத்துக்கொள்வார், ஃபாக்ஸ் அறைக்கு மட்டும் நான் ஒருத்திதான், நாற்பது மருத்துவமனைகளுக்கு ரிப்போர்ட் போவது என் கையால்தான். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், மூணு வாரமா, நீங்க மூணு நாள் இல்லேன்னாலே இங்க மூச்சு முட்டுதும்மா, அந்த மெஷின் வேற யார் பேச்சையும் கேக்காது என்றார். பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் என் அறைக்குத் திரும்பி வந்து மெஷினைப் பார்த்தேன். அது அப்போதுதான் ஒரு தாளைப் பாதி விழுங்கிவிட்டு, மீதியை நாக்கு மாதிரி வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் இங்கிருந்து கிளம்ப வேண்டுமானால் முதலில் நீ கிளம்ப வேண்டும் என்று அதனிடமே சொன்னேன். (அம்மா மெஷினோடு பேசுவது அப்பாவுக்கு முன்பே தெரியும். அப்பாவோடு பேசுவதைவிட மரியாதையாகப் பேசுவாராம்.)

அப்புறம் ஒரு வாரம் உட்கார்ந்து விசாரித்தேன். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை நேராக மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம், எனக்கு ஃபாக்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் டாக்டர்களுக்கு இணையம் வழியாகவே ஃபாக்ஸ் அனுப்பலாம். கணினியில் பட்டியலைத் திறந்து பெயரைத் தொட்டு, ரிப்போர்ட்டை இணைத்து விட்டால் போதும், அந்தப் பக்கம் அவர்கள் மெஷினில் தாளாக விழும், போய்ச் சேர்ந்தது என்று நமக்கு ஒரு மின்னஞ்சல் வரும். மை தீராது, தாள் சிக்காது, லைன் பிஸி என்று பதினாறு தடவை அழுத்த வேண்டாம், எல்லாவற்றையும்விட முக்கியம், பட்டியல் இருந்தால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு மாசம் பாருங்க, ஒரே ஒரு ரிப்போர்ட் இடம் மாறிப் போனாலும் மெஷின் திரும்பி வரும், நீங்களும் அதோடயே இருக்கணும், அதுக்கப்புறம் லீவுன்ற பேச்சே கூடாது. சரியாக நடந்தால் மூன்று வாரம், கையெழுத்துப் போட்டே தருவதாகச் சொன்னார். பக்கத்து மேசைக் கணக்கர் மட்டும், எல்லாத்தையும் மேகத்துல ஏத்துறாங்களாம், மேகத்துல ஏத்தினா மழை எந்த ஊர்ல பெய்யும்னு யாருக்குத் தெரியும் என்று முனகிக்கொண்டே இருந்தார்.

ஆனால் முதல் நாளே ஒரு சிக்கல். நாற்பது இடங்களின் எண்களும் எங்கள் அலுவலகத்தில் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. எல்லாம் மெஷினுக்குள் இருந்தது. அதன் முகப்பில் வரிசைக்குப் பத்தாக நாலு வரிசைப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் எழுதிய துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் எண் தானாகச் சுழன்று போகும். அதனால் அந்த எண்களை மெஷினையே அச்சடித்துக் கக்க வைத்தேன், பொத்தான் ஒன்றுக்கு இந்த எண், இரண்டுக்கு இந்த எண் என்று வந்தது, பெயர் வரவில்லை. சீட்டுகளைப் பார்த்து எதிரெதிரே பெயரை எழுதிக் கணினியில் ஏற்றினேன். வாரத்துக்கு ஒரு வரிசை என்று மாற்றிக்கொண்டே வந்தேன். முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம், எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் நடந்தது. நாலாவது வாரம் கடைசி வரிசையும் ஏறியதும் மெஷினின் வயரைக் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைத்தேன். எத்தனை பெட்டி எடுத்து வரலாம் என்று உன்னிடம் கேட்டது அந்த வாரம்தான்.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு முதியோர் இல்லத்து டாக்டர் கூப்பிட்டார். அம்மா, எங்க இல்லத்துலயே சின்னப் பொண்ணுக்கு எழுபத்தெட்டு வயசு, கர்ப்பம் உறுதின்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கீங்க, எந்தப் பாட்டிக்கு வாழ்த்துச் சொல்லணும்னு சொன்னீங்கன்னா நல்லாருக்கும் என்றார். போனை வைப்பதற்குள் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், மேடம், எண்பத்திரண்டு வயசுத் தாத்தாவோட உப்பு ரிப்போர்ட் எங்களுக்கு வந்திருக்கு, இவரை எந்த வார்டுல படுக்க வைக்கட்டும், இங்க ஒரு பொண்ணு ரிசல்ட்டுக்கு நகத்தைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கு, அவளோடது எங்க என்றாள். (நான் சிரிக்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.) இரண்டு இடத்திலும் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னேன். அடுத்தவர் உடம்பு விஷயம், விளையாட்டில்லை.

மேலாளர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெஷினை மாட்டுங்க என்று மட்டும் சொன்னார். கணக்கர் தன் போன் வயரைத் தானே பிடுங்கி மெஷினில் சந்தோஷமாகச் செருகினார். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டை உடனே அனுப்ப வேண்டும், கண்ணெல்லாம் கலங்கி எழுத்தே தெரியவில்லை, வருஷக்கணக்காகச் செய்வதுபோல் நாலாவது வரிசையில் ஐந்தாவது பொத்தானை அழுத்தினேன். கணக்கர் பதறிப்போய், ஐயோ, அது முதியோர் இல்லம்மா, சீட்டைப் பாருங்க, மறுபடியும் பாட்டிக்கே அனுப்புறீங்களே என்று என் கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் போய்விட்டது. இரண்டு நிமிஷத்தில் நர்ஸ் கூப்பிட்டு, இப்ப சரியா வந்துடுச்சு மேடம், பொண்ணு அழுதுட்டே சிரிக்குது என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதியோர் இல்லம் என்று சீட்டு சொல்கிறது, போனது பிரசவ ஆஸ்பத்திரிக்கு. நான் குனிந்து பார்த்தேன். நிஜமாகச் சொல்கிறேன், பட்டியல் எழுதிய அன்றைக்குப் பெயரை மட்டும் படித்ததோடு சரி, அனுப்பும்போது ஒரு நாளும் அந்தச் சீட்டுகளை நான் பார்த்ததே இல்லை. தோளில் போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் தாளைப் பிடித்துக்கொண்டு, விரல் தானாகப் போகும். மற்ற முப்பத்தெட்டு சீட்டுகளும் அலுவலக டேப்பில் ஒட்டியிருக்க, ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் மஞ்சள் நட்சத்திரம் போட்ட டேப்பில் ஒட்டியிருந்தன. அந்த டேப் நம் வீட்டு மேசை இழுப்பறையில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.

சாயங்காலம் இரண்டு சீட்டையும் உரித்து எடுத்து வந்து வாலுவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு, அப்பாடா, ரெண்டு வருஷம் கழிச்சாவது கண்ணுல பட்டுச்சே என்றாள். (அக்கா, என் தரப்பு: எனக்கு அப்போது பதிமூன்று வயது. பள்ளி விடுமுறை, அம்மா வேலை முடிக்கும்வரை அந்த அறையில் சும்மா உட்கார வேண்டும். சீட்டை மாற்றி ஒட்டினால் அம்மா திணறுவார் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அம்மா சீட்டைப் பார்க்கவே இல்லை, எல்லாம் சரியாகவே போனது. கலைஞனை இப்படியா அவமானப்படுத்துவது? கோபத்தில் திருப்பி ஒட்ட மறந்துபோனேன். நான் ஏற்றிய வெடி நமுத்துப்போகவில்லை, திரிதான் கொஞ்சம் நீளம்.) இதைச் சொன்னவள், அதனால் என் விடுப்பு போய்விட்டது என்று நான் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். ராத்திரி சாப்பிடவும் இல்லை. காலையில் நான் எழுவதற்கு முன்னால் தலைவாரி, பள்ளிச் சீருடையில் வாசலில் நின்றாள், உன் ஆபீசுக்கு வர்றேம்மா, நானே சொல்றேன் என்று. (அந்தப் பகுதியை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.)

மேலாளர் முன்னால் நின்று முழுக்கச் சொன்னாள், என்னை இழுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் கேட்டு முடித்ததும் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கணக்கரைக் கூப்பிட்டு, போன வருஷம் இவங்க வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன்னு நாலு நாள் வரலையே, அப்ப ஃபாக்ஸ் யார் அனுப்பினது என்று கேட்டார். கணக்கர், நான்தான் சார், சீட்டைப் பார்த்துத்தான் அனுப்பினேன் என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. அந்த நாலு நாளும் இதே இரண்டு இடத்திலிருந்தும் வேறு யாருடைய தாளோ வருகிறது என்று புகார் வந்ததும், லைன் க்ராஸ் ஆகிறது என்று முடிவுகட்டி லைன்மேனை வரவழைத்ததும், அவர் வந்து வயரை ஆட்டிப் பார்த்து எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனதும் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. நான் திரும்பி வந்ததும் லைன் தானாகச் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, அப்ப ரெண்டு வருஷமா இந்த ஆபீஸ்ல சரியா இருந்தது உங்க விரல் மட்டும்தானா என்றார். அவரே மறுபடி, நாளைக்கு உங்களுக்கு ஒரு காய்ச்சல்னா நாற்பது ஆஸ்பத்திரியும் என்ன பண்ணும், இந்த மெஷின் எனக்கு வேணாம்மா, கழட்டிடுங்க என்றார். அப்புறம் வாலு பக்கம் திரும்பி, நீ மாத்தினது ரெண்டு, அதனால நாற்பதுக்கும் போன் போட்டு, ஒவ்வொரு எண்ணா அவங்க வாயாலேயே சொல்ல வெச்சு, பட்டியல்ல சரிபார்த்துக் குடுத்துட்டுத்தான் நீ போகணும் என்றார்.

மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தாள், நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு கிளினிக்கில் ஃபாக்ஸில் தாள் தீர்ந்து எட்டு மாதமாகிறதாம், தினம் எனக்குப் போன் போட்டு ரிப்போர்ட்டை வாயால் சொல்லச் சொன்னது அதனால்தானாம். இன்னொரு இடத்தில் மெஷின் இருக்கும் அறையின் சாவி வெளிநாடு போன டாக்டரிடம் இருக்கிறதாம், அப்படியானால் அவருக்கே ஃபாக்ஸ் அனுப்பிச் சாவி கேக்கலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள், நல்லவேளை அவர்கள் சிரித்துவிட்டார்கள். எங்களுக்குப் பரிசோதனை விண்ணப்பத்தை எழுத்துப் பக்கம் குப்புற வைத்து வெறும் வெள்ளைத் தாளாக அனுப்பும் ஒரு பல் டாக்டர் மட்டும் இணையத்திலும் வெள்ளையாகவேதான் வருகிறார், அவரைத் திருத்த எந்தக் கருவியும் வரவில்லை. கேட்கக் கேட்க, எங்களுக்கு மின்னஞ்சலே போதும் என்று இருபத்தாறு பேர் சொல்லிவிட்டார்கள், இத்தனை வருஷம் யாரும் அவர்களைக் கேட்கவே இல்லை. மிச்சம் பதினாலு பேருக்குத்தான் இணைய ஃபாக்ஸ். பட்டியல் இப்போது எல்லோர் கணினியிலும் இருக்கிறது. போன வாரம் நான் வேண்டுமென்றே என் அறையை விட்டு வெளிக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஐந்து நாளும் கணக்கரை அனுப்ப விட்டேன். முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் எழுந்து வந்து, போயிருக்குமா, போயிருக்குமா என்று கேட்டார். ஐந்தாம் நாள் வரவே இல்லை. ஒரு ரிப்போர்ட்கூட இடம் மாறவில்லை, மழை பெய்ய வேண்டிய இடத்தில்தான் பெய்தது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

நேற்று மேலாளர் என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிளம்புகிறேன், இருபத்தோரு நாள் முழுசாக உன்னோடு. விடுப்புத் தாளை என் கையில் கொடுத்தவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மூணு வாரம்தானேம்மா, திரும்பி வந்துடுவீங்கல்ல என்று கேட்டார். நாலு வருஷம் என்னைப் பதிலுக்குக் காக்க வைத்த மனிதர். யோசிச்சுச் சொல்றேன் சார் என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ எனக்காகக் கட்டில் மெத்தை என்று எதுவும் வாங்கி வைக்காதே, உன் பக்கத்தில் இடம் இருந்தால் போதும். கடைவாய்ப் பல் வலி என்றாயே, நான் வருவதற்குள் டாக்டரிடம் காட்டிவிடு, வந்து பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே குளிருமா, கம்பளி வேண்டுமா என்று மறக்காமல் எழுது. உடம்பும் மனசும் நன்றாக இருந்து, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நீண்ட காலம் சந்தோஷமாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார். வாலு அடித்ததை முழுக்கப் படித்துப் பார்த்தேன், அடைப்புக்குறிகளை எடுக்கச் சொல்லவில்லை, நீ சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

உன்னைப் பார்க்க நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
அம்மா

(தண்டனைக் காலம் இத்துடன் முடிந்தது. அக்கா, அம்மா ராத்திரியே பெட்டியை எடுத்துத் துடைத்து நடு அறையில் திறந்து வைத்துவிட்டார். இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்கிறோம்.)