நான்காம் எண் டச்சுச் சிப்பாய்க்கு ஒதுக்கப்பட்ட வேலையிழப்பு உதவி

அனுப்புநர்
லோ. பூபதி, த/பெ. லோகநாதன்,
புதுத்திடல் குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்
தகுதி ஆய்வு அலுவலர் அவர்கள்,
திரைப்படப் பணியாளர் வேலையிழப்பு உதவிப் பிரிவு,
சென்னை.

பொருள்: பாதியில் நின்ற படத்தில் வேலை செய்த புதுத்திடல் குப்பத்து 24 குடும்பங்களுக்கு உதவித்தொகை மறுக்கப்பட்டது – மறு ஆய்வு கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் மனுக்கள், நாள் 22.04.2024, 20.05.2024, 24.06.2024.
2. தங்கள் கடிதம், நாள் 15.07.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகம் இருபத்து நான்கு மீனவக் குடும்பங்களுக்குச் சேர வேண்டிய உதவியை, பிறக்கவே பிறக்காத நான்கு வெள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது. இது நான் சொல்லும் குறை அல்ல. பார்வை 2-இல் காணும் கடிதத்தில், தங்கள் அலுவலக முத்திரைக்கு மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நடந்ததைக் கீழே தருகிறேன்.

1. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டை ஆண்ட காலத்தைப் பற்றி ஒரு படம் எடுக்க, சென்ற டிசம்பர் மாதம் ஒரு சினிமா கம்பெனி எங்கள் குப்பத்துக்கு வந்தது. ஏரியில் நாங்கள் வலை வைக்கும் இடத்தில் சவுக்குக் கட்டைகளை அடித்து, அதன் மேல் பாதிக் கப்பல் கட்டினார்கள். மறுபாதியைக் கம்ப்யூட்டரில் கட்டிக்கொள்வார்களாம்.

2. டச்சுச் சிப்பாய்களாக நடிக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆடும் படகில் நின்றுகொண்டு துப்பாக்கியைத் தூக்க வேண்டும். முதல் நாளே மூன்று பேர் துப்பாக்கியோடு ஏரியில் விழுந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், உயிருக்கு ஒன்றும் இல்லை. தாடிதான் மிதந்து போய்விட்டது. அன்று மாலையே, படகில் நிற்கத் தெரிந்த நான்கு பேர் வேண்டும் என்று எங்களிடம் கேட்டார்கள். முகத்துக்கு வெள்ளை மாவு, செம்பட்டைத் தாடி, அகலத் தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் ஐரோப்பா என்று சொன்னார்கள்.

3. தங்கள் அலுவலகத்துக்கு இதுவரை புரியாத இடம் இதுதான். எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. நல்ல இடத்தில் வலை வைக்கும் உரிமை எந்த ஒரு வீட்டுக்கும் நிரந்தரம் இல்லை. சீட்டுப் போட்டு, ஒவ்வொரு வீடும் தன் முறை வரும் நாளில் வலை வைக்கும். சினிமா வேலையையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். ஊர்ப் பெரியவர் துளசிங்கம், "நாலு ஊடு சம்பாரிக்க மத்த இருவது ஊடு கரையில குந்தி வேடிக்க பாக்குறதா? போடுங்கடா சீட்டு" என்றார். போட்டோம். ஒரு சிப்பாய்க்கு ஆறு வீடு. ஆறு நாளுக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு முறை. கம்பெனிக்கும் இது தெரியும். தொப்பியும் தாடியும் நேற்றுப் பார்த்தபடி இருந்தால் போதும் என்று உதவி இயக்குநர் சொன்னார்.

4. என் தந்தை லோகநாதனின் வீட்டுக்கு நான்காம் எண் சிப்பாயில் பங்கு விழுந்தது. அதே சிப்பாயில் முனியம்மா வீட்டுக்கும் பங்கு. அவருக்குக் கணவர் இல்லை, ஆனால் முறை உண்டு. வலை முறை என்றால் வேறொருவரை அனுப்புவார். இதற்கு அவரே தாடியை ஒட்டிக்கொண்டு போய் நின்றார். நாங்கள் இறங்கிய ஜனவரி 5 முதல் மார்ச் 16 வரை எழுபத்திரண்டு நாள் படப்பிடிப்பில் பன்னிரண்டு நாள் டச்சு ஆட்சியைக் காப்பாற்றியவர் முனியம்மா. மார்ச் 17 காலையில் கம்பெனியைக் காணவில்லை. படம் நின்றுவிட்டது என்று சாப்பாட்டு வண்டிக்காரர்தான் சொன்னார்.

5. ஒரே படத்தில் அறுபது நாள் வேலை செய்தவருக்கு, படம் பாதியில் நின்றால், ஆறு மாதத்துக்கு உதவித்தொகை உண்டு என்பது தங்கள் திட்டம். கம்பெனி தங்களுக்குக் கொடுத்த வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர் எதுவும் இல்லை. டச்சுச் சிப்பாய் எண் 1, எண் 2, எண் 3, எண் 4 என்று மட்டுமே இருக்கிறது. நால்வரும் எழுபத்திரண்டு நாளும் தவறாமல் வந்திருக்கிறார்கள். அதைப் படித்த தங்கள் அலுவலகம், "மேற்படி நான்கு பணியாளர்களும் தகுதியுடையவர்கள். மனுதாரர்கள் தலா 12 நாட்கள் மட்டுமே பணிபுரிந்துள்ளதால் தகுதியற்றவர்கள்" என்று முடிவு செய்திருக்கிறது. ஆக, வேலை செய்தது தொப்பி. கூட இருந்தவர்கள் நாங்கள்.

6. தகுதியுடைய எண் 4 ஆதார் அட்டையுடன் நேரில் வர வேண்டும் என்று அதே கடிதத்தில் இருந்தது. ஜூலை 22 அன்று ஆறு வீட்டாரும் வந்தோம். பிரிவு எழுத்தர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாலாம் நம்பர் ஆள் மட்டும் உள்ள வாங்க, மத்தவங்க வெளிய நில்லுங்க" என்றார். ஆறு பேரும் உள்ளே போனோம். கோப்பிலிருந்த புகைப்படத்தை எடுத்து ஒவ்வொரு முகத்தோடும் ஒப்பிட்டார். எவருக்கும் தாடி இல்லை. முனியம்மா, "தொப்பியக் குடு நைனா, போட்டுக் காட்டறேன். அப்பால நீயே சொல்லு நா வெள்ளக்காரனா இல்லியான்னு" என்றார். அரசு அலுவலரைக் கேலி செய்ததாக எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கேலி செய்யவில்லை, ஐயா. தொப்பி கம்பெனி லாரியில் போய்விட்டது. இருந்திருந்தால் அவர் போட்டே காட்டியிருப்பார்.

7. அதே படத்தில் அடிமைகளாக நடித்த சென்னை ஆட்களுக்குச் சங்க அட்டை இருந்தது. அவர்களுக்கு உதவி கிடைத்துவிட்டது. அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவர்களைச் சங்கிலி போட்டுப் படகில் ஏற்றியவர்கள்தான் இன்று பட்டினி என்பதைத் தங்கள் பார்வைக்குக் கொண்டு வருகிறேன்.

8. சினிமாக்காரர்கள் இல்லை என்றால் மீனவர்கள்தானே என்று தாங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் தங்களுக்கு நாங்கள் எழுதிய மனு எப்படியோ மீனவர் நிவாரணப் பட்டியலைப் பார்க்கும் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. "சினிமாத் தொழிலாளர்கள்" என்று அவர்கள் எங்கள் பெயர்களை அடித்துவிட்டார்கள். எங்களைச் சினிமாத் தொழிலாளர்கள் என்று நம்பும் ஒரே அலுவலகம் அதுதான்.

9. சும்மா உட்கார்ந்திருக்க எங்களுக்கு ஆசை இல்லை. கப்பலைப் பிரித்து எடுத்தவர்கள் கட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டுப் போனார்கள். அடிக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன. அங்கே வைத்த வலைகள் கிழிந்தன. வரும் ஞாயிற்றுக்கிழமை, 11.08.2024 அன்று, இந்த ஆண்டுக்கான புதிய சீட்டு எடுக்கிறோம். கட்டை இல்லாத இடம் விழுந்தால் பிழைத்துக்கொள்வோம். ஆனால் சீட்டை வீட்டுத் தலைவரே வந்து எடுக்க வேண்டும். அன்று அவர் ஊரில் இல்லாத வீட்டுக்கு அந்த ஆண்டு முழுவதும் முறை கிடையாது. அது எங்கள் கட்டுப்பாடு. ஒருவருக்காக அதை மாற்ற மாட்டோம், மாற்றச் சொல்லவும் மாட்டேன்.

10. ஒன்பது வீட்டு ஆண்கள் ஏற்கெனவே மங்களூர் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்து என் தந்தை. அந்த வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கித்தான் ஜூலை மாதம் அடுப்பு எரிந்தது. வெள்ளிக்கிழமை, 09.08.2024 காலை, ஆரம்பாக்கத்தில் பஸ் ஏற வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டார். உதவி ஆணை ஒன்றைக் காட்டினால் முன்பணத்துக்குத் தவணை தருவதாக அதே ஏஜென்ட் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆணை வந்தால் ஞாயிறன்று என் தந்தை சீட்டு எடுப்பார். வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஏரி இல்லை.

11. ஆகவே, எழுபத்திரண்டு நாள் வேலையை ஆறு வீடு பிரித்துக்கொண்டதைப் போல, ஒரு சிப்பாய்க்குரிய உதவியையும் ஆறாகப் பிரித்து வழங்கக் கேட்கிறோம். அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை. பிரிக்கும் வேலையைக்கூட நாங்களே செய்துகொள்வோம், பழக்கம் இருக்கிறது.

12. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையில் மண்ணுக்குள் போனவனுக்கும் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். தங்கள் கடிதத்தில் மூன்று முறை தேடிப் பார்த்தேன். எண்கள் இருக்கின்றன. என் தந்தையின் பெயர் லோகநாதன். வயது ஐம்பத்தொன்று. வெள்ளிக்கிழமைக்கு முன் அவர் பெயருக்கு ஆணை போடுங்கள். முடியாது என்றால், முடியாது என்பதையாவது அவர் பெயரைப் போட்டு எழுதி அனுப்புங்கள்.

இடம்: புதுத்திடல் குப்பம்
நாள்: 06.08.2024

இப்படிக்கு,
லோ. பூபதி

இணைப்பு: 24 வீட்டாரின் கையொப்பங்கள் (ஊரில் இல்லாத ஒன்பது பேருக்கு அவர்கள் வீட்டுப் பெண்களின் கையொப்பம்).