‘ஃபிட்’ என்ற சீட்டு எதைப் பார்த்துக் கொடுத்தது என்று எங்கள் அறையில் வந்து சொல்லக் கோரும் மனு

அனுப்புநர்:
மு. நாகலிங்கம்,
மெஸ் உதவியாளர்,
தொழிலாளர் கேம்ப், இரண்டாம் பிளாக்,
அல் கூஸ், துபாய்.
(சொந்த ஊர்: சிவகங்கை மாவட்டம்)

பெறுநர்:
டாக்டர் பிரபாவதி அவர்கள்,
மருத்துவ அதிகாரி,
கேம்ப் கிளினிக்.

பொருள்: வேப் என்னும் மின்சிகரெட் பிடிப்பவர்கள் ஆராய்ச்சியை நம்பாமல் விசா மெடிக்கல் சீட்டை நம்புவது குறித்தும், தாங்கள் நேரில் வந்து விளக்க வேண்டியும்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

1. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுபவர் எங்கள் ஸ்டோரில் கணக்கு எழுதும் தம்பி ஷ்யாம். அவரும் வேப் பிடிக்கிறவர்தான். இந்த வரியை எழுத மாட்டேன் என்றார். எழுதினால்தான் மேலே சொல்வேன் என்றேன். எழுதிவிட்டார்.

2. நேற்று மெஸ் ஹாலில் தாங்கள் திரை கட்டி, வேப் பிடிப்பதால் நெஞ்சுக்கு வரும் கேடுகளைப் பற்றி ஆராய்ச்சிப் படங்கள் காட்டினீர்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். யாரும் கேள்வி கேட்கும் முன்பே தங்களுக்கு வண்டி வந்துவிட்டது. என் முதல் புகார் இதுதான், கோபித்துக்கொள்ளக் கூடாது. தாங்கள் போன பிறகுதான் அம்மா, கேள்விகள் எல்லாம் கிளம்பின.

3. எங்கள் அறையில் ஜைத் என்ற கீழக்கரைப் பையன் இருக்கிறான். நல்லவன், வாய் மட்டும் நீளம். “எலிக்கு ஊதி எழுதின ஆராய்ச்சி பெரியப்பா. நாம என்ன எலியா?” என்றான். சிகரெட் கம்பெனிக்காரன்தான் இதையெல்லாம் எழுத வைக்கிறான் என்று போனில் ஒரு வெள்ளைக்காரன் பேசுவதைக் காட்டினான். வேப் வந்த பிறகுதான் அவன் சிகரெட்டை விட்டான். அது உண்மை, நான் மறைக்கவில்லை. சிகரெட்டை விடக் கேடு குறைவு என்கிறான். இருக்கட்டும். பத்தாவது மாடியிலிருந்து விழுவதைவிட மூன்றாவது மாடியிலிருந்து விழுவது குறைவுதான். அதற்காகச் சாரத்திலிருந்து யாராவது குதிப்பானா?

4. இதற்கெல்லாம் மேலாக ஒரு துருப்புச் சீட்டு வைத்திருக்கிறார்கள். விசா புதுப்பிக்க மெடிக்கல் போகிறோம். நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள், ‘ஃபிட்’ என்று வருகிறது. “கவர்மெண்டே நெஞ்சப் பாத்து ஃபிட்டுன்னு குடுத்துருச்சு. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி? கலாஸ், முடிஞ்சுபோச்சு!” என்று அந்தச் சீட்டைக் கட்டில் தலைமாட்டில் சாமி படம் மாதிரி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் படுத்துக்கொண்டே மாம்பழ வாசத்தில் புகை விடுகிறார்கள்.

5. என் தங்கை மகன் விமலும் அந்தச் சீட்டை ஒட்டியிருக்கிறான். சாரம் கட்டும் வேலை. முன்பெல்லாம் தோளில் குழாயோடு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறவன். இப்போது மெஸ்ஸுக்கு வரும் படிக்கட்டிலேயே கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறான். கேட்டால் “தூசி மாமா” என்கிறான். உயரத்தில் நிற்கும்போது இருமல் வந்தால் அவன் எதைப் பிடிப்பான்? கிளினிக்குக் கூப்பிட்டால் சீட்டைக் காட்டுகிறான்.

6. இனிமேல்தான் அம்மா முக்கியமான செய்தி. நேற்று தாங்கள் மைக்கில் “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் குரலை எனக்குத் தெரியும்! பல வருடங்களுக்கு முன், என் விசா மெடிக்கலில் நெஞ்சுப் படம் பார்த்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தாங்கள்தான். கழுத்தில் பச்சைக் கயிற்றில் அட்டை. மேசையில் பேரீச்சம்பழப் பெட்டி. ஏசி ஓடாமல் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம். என் சட்டைப் பையில் பீடிக் கட்டைப் பார்த்துவிட்டு, “பெரியவரே, நாங்க டிபி இருக்கான்னுதான் பாக்குறோம். ஃபிட்டுன்னு வந்தா உங்க பீடிக்கும் சேத்து ஃபிட்டுன்னு நெனச்சுக்காதீங்க” என்று சொல்லி ஒரு பழம் கொடுத்தீர்கள். பழத்தைத் தின்றேன். பீடிக் கட்டை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதோடு சரி.

7. இதை அறையில் சொன்னேன். “தாத்தா கனவு கண்டுட்டாரு” என்று கைதட்டிச் சிரித்தார்கள். நான் விடவில்லை. மெடிக்கலில் படம் பார்த்த டாக்டரே வந்து இதைச் சொன்னால் என்னடா செய்வீர்கள் என்று கேட்டேன். ஜைத் எழுந்து நின்று, “அப்படி ஒருத்தர் எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், அன்னிக்கே எல்லாரும் அவங்கவங்க வேப்ப எடுத்து மெஸ் நெய் டின்னுல போட்டு உங்க கையில குடுத்துருவோம்” என்றான். விமல் தன் அம்மா மேல் சத்தியம் செய்தான். அறை முழுக்கக் கேட்டது. டின்னை நான் நேற்றே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

8. ஆகவே அம்மா அவர்கள் வருகிற ஞாயிறு விடுமுறையன்று எங்கள் அறைக்கு வர வேண்டும். திரை வேண்டாம், படம் வேண்டாம். அன்றைக்கு எனக்குச் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் இவர்களுக்கும் சொல்லுங்கள். கேள்வி கேட்பார்கள், இருந்து பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்கள். பிறகு விமலைக் கையோடு கூட்டிப்போய் நெஞ்சைச் சோதித்துப் பாருங்கள். அன்று மெஸ்ஸில் பொங்கல் வைக்கிறோம், முதல் தட்டு தங்களுக்கு. இவர்கள் மனது மாறும் முன் வர வேண்டும் என்று இரு கை கூப்பிக் கேட்கிறேன்.

இடம்: அல் கூஸ்
நாள்: 13.01.2025

இப்படிக்கு,
மு. நாகலிங்கம்
(இடது பெருவிரல் ரேகை)

எழுதியவர் குறிப்பு: பெரியவர் சொன்னதை மாற்றாமல் எழுதி, அவருக்குப் படித்தும் காட்டினேன். இந்தக் குறிப்பை மட்டும் படித்துக் காட்டவில்லை. அந்த டாக்டர் தாங்கள் இல்லையென்றால் அதைப் பெரியவரிடம் சொல்ல வேண்டாம். டின்னைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். யாராக இருந்தாலும் ஞாயிறன்று வாருங்கள் மேடம். விமலுக்கு மூச்சு வாங்குவது தூசியால் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். — ஷ்யாம்