பாத்ரூம் பக்கத்துப் பெரிய கல்

வியாழக்கிழமை

ராஜி அப்பாவுக்குச் செவந்தி எழுதுவது. நானும் ராஜியும் சுகம். உங்கள் அப்பாவைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படியுங்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்கிறீர்கள். அப்புறம் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற அய்யப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பின்வாசலில் பதிக்கக் கருங்கல் பலகைகள் வந்து இறங்கி இருபது நாளாகிறது. நாலுக்கு இரண்டு, இரண்டுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று என்று நீங்கள் சொன்ன நாலு அளவும் வந்துவிட்டன. நீங்கள் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கீரமங்கலத்தில் பிரிண்ட் போட்டுக் கொத்தனார் வீரய்யாவிடம் கொடுத்தேன். அவர் அதை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏத்தா, இது யாரு வீட்டு வாசலு?” என்று கேட்டார்.

கேட்க மாட்டாரா? படத்தில் பாத்ரூமே இல்லை! கட்டி மூன்று வருஷம் ஆகிறது. வீடியோ காலில் காட்டினேன், டைல்ஸ் நல்லா இருக்கு என்று நீங்களும் சொன்னீர்கள். அது நிற்கிற மூலையில் செம்பருத்திக்கு இடம் விட்டிருக்கிறீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போன வாசலை வரைந்திருக்கிறீர்கள். ஊரான் வீட்டுத் தோட்டத்துக்கெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்து கல் பதிக்கிற மனுஷன், சொந்த வீட்டை ஞாபகத்திலா வரைவது?

ஆனது ஆச்சு என்று நானே உட்கார்ந்தேன். அட்டையில் நாலு அளவுக்கும் துண்டு வெட்டி அடுப்படித் தரையில் பரப்பினேன். நாலு கல்லின் மூலையும் ஒரே இடத்தில் சேரக் கூடாது என்றீர்களே, அதைச் சரிசெய்தால் ஓரத்தில் ஒரு துண்டு மிஞ்சுகிறது. மிஞ்சியதை நுழைத்தால் மூலைகள் மறுபடியும் சேர்ந்துகொள்கின்றன. இரண்டு மணி நேரம் இந்தக் கூத்து. ராஜி வந்து ஃபேனைப் போட்டாள், அத்தனையும் பறந்துவிட்டது. பாவம், பிள்ளையைக் கண்டபடி திட்டிவிட்டேன்.

திரும்ப உங்களிடம் கேட்டால், பெரிய கல் நடுவில், சின்னக் கல் ஓரத்தில், இடையில் இரண்டு விரல் விட்டுப் புல், டிசைனை மாற்றாதே என்று ஒரே பிடி. அந்த ஓரம்தான் மாமா பாத்ரூமுக்குப் போகிற வழி. போன வருஷம் பக்கவாதம் வந்ததில் இருந்து அவர் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாததா? சரி, சொன்னபடியே செய்து பார்ப்போம் என்று வீரய்யா முதலில் அந்த ஓரத்தை மட்டும் சிமெண்ட் இல்லாமல் மணலில் அடுக்கிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது மாமா விழுந்துவிட்டார். வாக்கரின் கால் அந்த இரண்டு விரல் சந்தில் மாட்டிக்கொண்டது. நெற்றியில் மூன்று தையல். ஆலங்குடியில் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்புக்கு ஒன்றும் இல்லை, பதறாதீர்கள். “அவன்கிட்ட சொல்லிப்புடாத, அங்க கெடந்து தவிப்பான்” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

நேற்று எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம். பெரிய கற்களைப் பின்கதவில் இருந்து பாத்ரூம் வரைக்கும் நெருக்கி, சிமெண்ட் வைத்துப் பதித்தாயிற்று. புல்லும் கிடையாது, சந்தும் கிடையாது. உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாக்கருக்கு இரண்டடி அகலம் தாராளம் என்றார் வீரய்யா. நான்தான் கல்லைக் குறுக்கே போட்டு நாலடியாக வைக்கச் சொன்னேன். பக்கத்தில் ஓர் ஆள் கூடவே நடக்க வேண்டாமா? நான் பிடிக்கப் போனால் மாமா கையை இழுத்துக்கொள்கிறார். மருமகள் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதா என்று அவருக்குக் கூச்சம். முன்பே ஓர் ஆளை வைத்துப் பார்த்தேன், இரண்டே நாளில் விரட்டிவிட்டார். விழுந்த அன்றைக்கும் நான் மாடிக்குப் போகும்வரை காத்திருந்துதான் எழுந்திருக்கிறார். இப்போதெல்லாம் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்று தண்ணீரையே குறைத்துவிட்டார். காலையில் வைத்த சொம்பு சாயங்காலம் வரை அப்படியே இருக்கிறது.

ஊருக்கு எப்போது வருகிறீர்கள் என்றால், தை பிறக்கட்டும், பார்ப்போம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். நடுவாசல் காலியாகத்தான் கிடக்கிறது. உங்கள் டிசைனை நீங்களே வந்து போடுங்கள், நான் மணல் அள்ளிக் கொடுக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தலையில் துணி கட்டாமல் வெயிலில் நிற்காதீர்கள். திருவரங்குளத்துச் சிவன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, மாமாவை ஒரு தடவை பாத்ரூம் வரைக்கும் கூட்டிப்போங்கள். உங்கள் கையை அவர் தட்டமாட்டார்.

இப்படிக்கு,
செவந்தி