மிதித்த மண்ணில் டர்னிப்

அன்புள்ள மாமாவுக்கு,

குவைத்திலிருந்து வைஜெயந்தி வணங்கி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் கால் வெடிப்பு ஆறியதா? மரக்காணத்தில் மழை விட்டதா? உப்பளத்தில் பாத்தி மிதிக்கக் கூப்பிட்டார்களா?

என் போன் வீட்டுக்கார மேடத்தின் பீரோவில் இருப்பதால், லீவில் வரும் டிரைவர் சவரிமுத்து அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பாஸ்போர்ட்டும் அதே பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. ஊறுகாய் போடுவதற்காக டர்னிப் விதைக்கச் சொன்னார் மேடம். முள்ளங்கி மாதிரிதான், உருண்டையாக விளையும். அதைப் பிடுங்கியதும் பொங்கலுக்கு ஊருக்குப் போகலாம் என்றார். ஆசை ஆசையாக விதைத்தேன். இலை முழங்கால் உயரம் வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு எலிவால் மாதிரி இருக்கிறது.

அண்ணன் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு, "ஏம்மா, சிமெண்ட் தரை மாதிரி இருக்குது. கெழங்கு எங்கம்மா பருக்கும்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. உப்புப் பாத்திக்குச் செய்வதுபோல, தண்ணீர் விட்டு இரண்டு நாள் மிதித்து இறுக்கிவிட்டுத்தான் விதைத்திருக்கிறேன். வேறு பாத்தி நான் எங்கே கண்டேன்?

மேடம்கூடச் சிரித்தார். சிரித்துவிட்டு, கொத்திப் போட்டு மறுபடி விதைக்கச் சொன்னார். இன்னும் இரண்டு மாதம் ஆகும். கவலைப்படாதீர்கள், போன பொங்கலுக்கும் இப்படித்தான் ஏதோ ஒன்று வந்தது.

அண்ணனுக்கு வண்டி வந்துவிட்டது. அவர் திரும்பும்போது நம் மகள் பூஜாவின் பாதத்தைத் தாளில் வரைந்து கொடுத்தனுப்புங்கள், ஷூ வாங்கி வைக்கிறேன். நான் வரும்போது அவளுக்குப் பொருந்த எவ்வளவு பெரிதாக வாங்குவது என்று மட்டும் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
வைஜெயந்தி