முயல் கொடுத்த கோடு

அக்டோபர் 27, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாகப் போனைத் திறந்தேன். எங்கள் லேபில் பிஎச்.டி. செய்யும் மிதாலி இரவு அனுப்பிய படம். வெறும் வெள்ளை. புரதம் இருந்தால் விழ வேண்டிய கோடு இல்லை. பூஜை லீவுக்குப் பிறகு இது மூன்றாவது முறை. பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மூட்டம். லேக் கார்டன்ஸ் ஆட்டோ வரிசை நீளம்.

லேபில் கைடு ஸார் கோபப்படவில்லை. அதுதான் பயம். "அந்த முயல் ஆன்டிபாடியோட ஆயுசு முடிஞ்சுது. மிதாலி, பழைய படத்தையும் ஆராய்ச்சிப் பேப்பர்லேர்ந்து எடுத்துடு. இப்ப வராதது அப்ப மட்டும் எப்படி வந்ததுன்னு கேப்பாங்க."

அழற்சி வந்தால் செல்லில் சேரும் ஐ.எல்-1 பீட்டா என்ற புரதம், அவள் மருந்துக்குக் குறைகிறது. அதற்கு ஒரே சாட்சி அந்தப் படம். அது போனால் பிஎச்.டி.யும் போச்சு.

முயல் ரத்தத்திலிருந்து எடுத்த அந்த ஆன்டிபாடி மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆயிரம் புரதம் கலந்த குழம்பில் ஒன்றை மட்டும் தேடிப் பிடிக்கிற ஜீவன். இத்தனை வருஷத்தில் ஆள் மாறித் தொட்டதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மகள் நந்து: "அந்த முயல் இப்ப எங்கம்மா?"

"இருக்காதுடி."

"வேற முயல்?"

"வேற முயல், வேற ரத்தம். இதே மாதிரி வராது."

"ஈஷ்!" பெங்காலித் தோழிகள் மாதிரியே.

அக்டோபர் 28, செவ்வாய்

வாங்க: உளுந்து, துணி சோப், கிராஃப் நோட்டு.

மிதாலி சாப்பிடவில்லை. டீக்கு இழுத்துப் போனேன். என்னை ஜெயாதி என்பாள், ஜெயா அக்கா.

"எவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன், ஜெயாதி! லீவுல பூசணம் பிடிக்கக் கூடாதுன்னு ரெண்டு ட்யூப்லயும் அசைட் போட்டேன்."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்." பெருமை வேறு.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் லேபில் கரைத்த ஆன்டிபாடியைக் கொட்டுவதில்லை. திரும்பப் பிடித்து வைத்து மறுபடி உபயோகம். முதல் ட்யூப் முயலுடையது, புரதத்தைப் பிடிக்கும். இரண்டாவது, முயலுடையதைப் பிடித்து வெளிச்சம் காட்டும். அசைட் முதலாவதைக் கெடாமல் காக்கும். இரண்டாவதின் வெளிச்சத்தை அணைத்துவிடும்.

ஆக, முயல் மூன்று தடவையும் தன் வேலையைச் செய்திருக்கிறது. இருட்டில்.

"ஓ மா கோ!" தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஸார்கிட்ட சொல்லிடாதீங்க." டீ ஆறுவதற்குள், "இல்ல, நானே சொல்றேன்."

அவள் வயதில் எனக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்குமா, தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

புது இரண்டாவது ஆன்டிபாடி. முயலுடையது பழையதே. மிதாலி என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றாள். திரையில் மெதுவாக, கோடு. நேராக, தெளிவாக. மருந்து போட்ட பக்கம் மங்கல். பழைய படத்தில் இருந்தபடியே.

எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனாலும் இதைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.

ஸார்: "அப்ப முயல் நிரபராதி. குற்றவாளி யாரு?"

"நான்தான் ஸார்." எல்லார் முன்னாலும்.

சிரித்துவிட்டார். "படம் இருக்கட்டும். ஆனா இன்னும் ரெண்டு தடவை இதே மாதிரி வரணும்."

கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்த ஆன்டிபாடியை நிறுத்திவிட்டார்களாம். ஃப்ரீசரில் இருப்பது ஒரே குப்பி. கரைத்து வைத்திருப்பதும் தீரப்போகிறது. அதற்குள் மாடி லேப் பரோமிதா வாசலில்: "எனக்குப் பாதி குடு ஜெயா, இலிஷ் மீன் வறுத்து எடுத்துட்டு வரேன்." ஸாரும் கொடுக்கச் சொன்னார். தலையாட்டி வைத்தேன்.

குப்பி இப்போது ஃப்ரீசரின் அடித்தட்டில், என் பெயர் எழுதிய பெட்டியில், பழைய குப்பிகளுக்குக் கீழே. மிதாலிக்கு அந்த இரண்டு கோடும் வரும்வரை ஒரு சொட்டு வெளியே போகாது. பரோமிதா கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன்.