ஆண்டு இல்லாத காப்புரிமை எண்

ஆகஸ்ட் 6, புதன். லம்பா லைன்.

எங்கள் தீவுகளில் ஒன்றான லாங் ஐலண்டிலிருந்து வந்த பழைய நீராவி இயந்திரத்தை நாளை பழைய இரும்புக்காக உடைக்கிறார்கள். நூறு வயதானது என்றால் விட்டுவைப்பார்களாம்; அதற்கு ஆதாரம் கேட்டார்கள். தகட்டில் பிரிட்டிஷ் காப்புரிமை எண் நான்கு இலக்கத்தில் இருக்கிறது, ஆண்டு இல்லை.

"அப்பல்லாம் வருஷா வருஷம் ஒண்ணுலேருந்து நம்பர் போட்டாங்க சார். 1916லேருந்துதான் லட்சத்துக்கு மேல. அப்ப இது அதுக்கும் பழசுதானே?" என்றேன்.

பழைய இரும்பை விற்கும் அதிகாரி நிமிரவில்லை. "எந்த ஸால், எந்த வருஷம்னு சொல்லுங்க டீச்சர். உத்தேசமெல்லாம் இங்க நஹி சலேகா, செல்லாது."

அதே எண் ஆண்டுக்கு ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. அதில் எவருடையது இது? எனக்குத் தெரியவில்லை.

"மெயின்லேண்ட் போற கப்பல்ல இந்த இரும்புக்கு இடம் போட்டாச்சு," என்றார் அதிகாரி.

சனிக்கிழமை அதைக் காட்டுவதாக ஏழாம் வகுப்புக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் பெற்றோரிடம் கையெழுத்துகூட வாங்கிவிட்டார்கள். நாளை வகுப்பில் நுழைந்ததும் கேட்பார்கள். நான்தான் சொல்ல வேண்டும், அதை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.