பிளாண்டில் இப்போது உன் அம்மா பேச்சுதான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் நீ போனில் உன் அம்மாவிடம் மணிக்கணக்காகச் சொல்வதில் மிச்சம் மீதிதான் எனக்கு வருகிறது. போன் என் கைக்கு வரும்போது நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், அதற்குள் பேத்தி அழுவாள், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். இங்கே நடந்ததையெல்லாம் உன் அம்மா சொல்லி நீ கேட்டிருப்பாய், என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். அடுத்த வாரம் பயிற்சிக்காக அவள் உன் ஊரில் வந்து இறங்குவதற்குள் இது உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

அவளை எங்கள் எண்ணெய் பிளாண்ட் வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான், அதை நீ மறந்துவிடாதே. நீ கல்யாணமாகிப் போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தாள், நான்தான் மேனேஜரிடம் தலையைச் சொறிந்துகொண்டு போய் நின்று பேக்கிங்கில் ஓர் இடம் வாங்கிக்கொடுத்தேன். எங்கள் பிளாண்டில் என்ன நடக்கிறது என்று நீ சின்ன வயதில் ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது சொல்கிறேன். மெஷினில் வித்தைப் பிழிந்த பிறகும் பிண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை ஹெக்சேன் ஊற்றிக் கரைத்து எடுப்போம், பிறகு அந்த ஹெக்சேனைச் சூடுகாட்டி ஆவியாகப் பிரித்து மறுபடி அதையே உபயோகிப்போம். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், வாடை பெட்ரோல் மாதிரி. அதோடுதான் நான் இத்தனை வருஷமும் குப்பை கொட்டியிருக்கிறேன். அதனால், பாதுகாப்புப் பொறுப்புக்குத் தொழிலாளர்களில் ஒருவரை எடுக்கப் போகிறோம் என்று மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தியபோது, நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டார். "அவங்கதான் எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்கிறாங்க, இந்த வேலைக்கு அதுதான் வேணும்" என்றார். நான் ஏன் என்று கேட்காததற்குக் காரணம் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான், அதை யாரிடம் போய்ச் சொல்வது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிந்தது கண்ணு, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதற்கப்புறம் அவளுக்கு ஓர் ஆரஞ்சு நிறக் கோட்டு, நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஒரு கேஸ் மீட்டர். காற்றில் ஹெக்சேன் ஆவி கூடினால் அது கத்தும். வீட்டுக்கு வந்ததும் அதைத் துடைத்துச் சார்ஜில் போட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவாள். நான் இருமினால்கூட அவ்வளவு அக்கறையாகத் திரும்பிப் பார்த்ததில்லை. பிளாண்டுக்குள் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் நான் வழக்கம்போலக் குழாயிலிருந்து ஹெக்சேனைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்துக்கொண்டிருந்தேன், என் ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வந்து குழாயை மூடினாள். "சார், பிளாஸ்டிக் வாளிக்கு எர்த் குடுக்க முடியாது. ஊத்துற வேகத்துலயே கரண்ட் சேரும், அது ஒரு பொறி விட்டா போதும்" என்றாள். இரும்பு கேனைக் கொண்டுவந்து, எர்த் வயரைத் தானே கவ்வ வைத்து, பிறகு போனாள். அன்றிலிருந்து கேண்டீனில் எனக்குப் புதுப்பெயர், மேடம் வீட்டுக்காரர். பேர் சொல்லிக் கூப்பிட்ட பயல்கள்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அது போதாதென்று வீட்டுக் கதை ஒன்று. பசைக் கறை துடைக்க ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஹெக்சேன் கொண்டுவந்து சமையலறைத் தொட்டிக்குக் கீழே வைத்திருந்தேன், நானே மறந்துபோய்விட்டேன். அதைக் கண்டுபிடித்தவள் முதலில் அடுப்பை அணைத்தாள், ஜன்னல் கதவெல்லாம் திறந்தாள், பாட்டிலை வெளியே நிழலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்தாள். மூடி சரியாகத் திருகவில்லையாம். அதன் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து எங்கே நெருப்பு இருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்து, பற்றினால் அதே வழியாகப் பாட்டிலுக்கே திரும்பி வரும் என்று எனக்கே பாடம் நடத்தினாள். சாக்கடையில் கொட்டிவிடு என்றேன், அதற்கும் ஒரு பாட்டு. கடைசியில் பிளாண்ட் ஆட்களை வரச்சொல்லி ஒப்படைத்தாள். யார் வீட்டில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை. வேலை முடிந்ததும் கிரீஸ் கையை ஹெக்சேனிலேயே கழுவும் என் பழக்கத்தையும் நிறுத்திவிட்டாள், அது நாளாக நாளாக நரம்பைத் தின்னுமாம். விரல் நுனி மரத்துப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சட்டைப் பட்டன் போட நான் தடுமாறுவதைப் பார்த்தே பிடித்துவிட்டாள். டாக்டரிடம் காட்டினோம், இப்போது பரவாயில்லை, நீ கவலைப்படாதே. அங்கே மாப்பிள்ளை வண்டிச் சங்கிலி துடைக்கக் குளிர்பான பாட்டிலில் பெட்ரோல் வைத்திருப்பதாக முன்பு ஒருமுறை என்னிடம் சொன்னாயே, அதை முதலில் வீட்டைவிட்டு அப்புறப்படுத்து, குழந்தை தவழ்கிற வீடு. இதை உன் அம்மா சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது பம்ப் குழியில் நடந்ததற்கு வருகிறேன். காலை ஷிப்ட், டீ குடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தோம். குழியில் இருக்கும் பம்பின் சீல் விட்டுவிட்டது, ஹெக்சேன் பீய்ச்சிக்கொண்டு வருகிறது. தரையில் முழங்கால் உயரத்துக்குக் காற்று நெளிகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. என் நினைப்பெல்லாம், உன் அம்மா வருவதற்குள் நானே இதை நிறுத்திவிட வேண்டும், இன்றைக்காவது எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்பதுதான். பம்பை நிறுத்தப் பக்கத்துச் சுவரில் சுவிட்சுப் பெட்டி இருக்கிறது, கையைக் கொண்டுபோய்விட்டேன். வாசலில் அவள் மீட்டர் கத்துவது கேட்டது, அதைவிடச் சத்தமாக அவள் குரல். "என்னங்க, கைய எடுங்க. ஆன் பண்ணவும் வேணாம், ஆஃப் பண்ணவும் வேணாம். அந்தப் பொட்டி மூடியில போல்ட் இல்ல, உள்ள வர்ற பொறி வெளிய வந்துரும்." அவள் சொல்லி நான் கேட்பதா என்று ஒரு கணம் தோன்றியது நிஜம். ஆனால் பிளாண்டுக்குள் அவள் என்னை "என்னங்க" என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கையை எடுத்துவிட்டேன்.

வெளியே இருக்கும் கரண்ட் அறையிலிருந்து எலக்ட்ரீசியனை விட்டு மெயினையே அணைக்கச் சொன்னாள், டேங்க் வால்வை வெளிப்பக்கமாகவே மூட வைத்தாள், எல்லோரையும் காற்று வரும் திசைப்பக்கமாக வெளியேற்றி மைதானத்தில் நிறுத்தினாள். என்னிடம், "நீங்க நின்னு எல்லாரையும் எண்ணுங்க, யாரையும் உள்ள விடாதீங்க" என்றாள். எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன், முகம் முகமாகப் பார்த்தேன், குறைந்தது உன் அம்மாதான். குழியிலிருந்து வடிகால் ஒன்று மெயின் கேட் பக்கம் சரிவாகப் போகிறது, ஆவி அதன் வழியே இறங்கும், அங்கே பிண்ணாக்கு ஏற்ற வந்த லாரி ஒன்று நின்றிருந்தது, டிரைவர் நேரமாகிறதே என்று வண்டியைக் கிளப்பப் போகிறார் என்று பார்த்துவிட்டுச் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு ஓடியிருக்கிறாள். நான் போகக்கூடாது, யாரையும் விடக்கூடாது என்று சொன்னவளே அவள். அவள் மேல் எனக்கு இத்தனை நாள் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் ஓடப் பார்த்தேன். என் ஆட்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சுவர் முனையில் அந்த ஆரஞ்சுக் கோட்டு தெரிந்தது. கையில் லாரிச் சாவி, பின்னால் முணுமுணுத்துக்கொண்டே டிரைவர். தீயணைப்பு வண்டி வந்து நுரையடித்து மூடி, மீட்டர் அடங்கி, எல்லாம் ஆனபிறகுதான் அந்த டிரைவருக்கு விஷயம் புரிந்து அவர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சண்டை போட்டேன். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று கத்தினேன். அவள் அமைதியாகக் கேட்டாள், "நீங்க பொட்டியத் தொட்டிருந்தா நான் மைதானத்துல நின்னு யாரத் தேடியிருப்பேன்." ஆனாலும் மறுநாள் தலைமை ஆபீசிலிருந்து ஆபீசர் வந்து அவளை நடுவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தபோது, நான் ஓரத்தில் பாதி முகம்தான் விழுந்தேன், அது எனக்கு உறுத்தத்தான் செய்தது. நான் இப்படித்தான், இந்த வயதில் மாறப் போவதில்லை.

இனிமேல்தான் விஷயம். அந்த ஆபீசர் அவளை உன் ஊரில் இருக்கும் தலைமை ஆபீசுக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டதோடு நிற்கவில்லை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே தங்கி மற்ற பிளாண்ட் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, "பாப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாளாம். பாப்பா என்றால் நீ. பக்கத்து மெஷினில் நின்ற என்னைக் கேட்கத் தோன்றவில்லை. பேத்தியைத் தினமும் அவள்தான் தூக்கப் போகிறாள், உன் சமையலறையில் உட்கார்ந்து உன்னோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறாள், நான் இங்கே புதுப் பம்ப் மாட்டும் வேலையில் லீவு இல்லாமல் கிடக்கப் போகிறேன். யார் மேல் பொறாமைப்படுவது என்றே இப்போது எனக்குக் குழப்பமாகிவிட்டது, அவள் மேலா உன் மேலா. வேண்டாம் என்று சொல்லிவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுத வரவில்லை. அவளுக்கு அந்த வேலை பிடிக்கும், அவள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள், நானே கேட்டேனே.

அதனால் அவள் கேட்கும்போது சரி என்றே சொல். மழையில் நனையாமல் பார்த்துக்கொள், முழங்கால் வலிக்கு மருந்து பையின் ஓரத்தில் இருக்கிறது, நீ எடுத்துக் கொடுத்தால்தான் போடுவாள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க என் ஆசி எப்போதும் உண்டு, பேத்திக்கு என் முத்தம். மறக்காமல் ஒரு காரியம் செய், அந்தத் தலைமை ஆபீசில் பம்ப் தெரிந்த வயதான ஆள் ஒருவருக்கு இடம் இருக்குமா என்று மாப்பிள்ளையை விட்டு மெதுவாக விசாரிக்கச் சொல். சின்ன வேலையானாலும் சரி, உன் அம்மாவுக்குக் கீழே என்றாலும் சரி. நான் கேட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மாவின் வீட்டுக்காரர்,
உன் அப்பா